நேர்த்திப் பொங்கல்

நயினாதீவு
1971 வைகாசி

அன்பின் அத்தான்,

உங்கடை கடிதம் லோஞ்சுப் படகிலை வந்தது. உயிரோடை இருக்கிறியள், அது போதும்.

நீங்கள் இருக்கிற தெற்கிலை அரசாங்கத்துக்கு எதிராய்த் துவக்கோடை கிளம்பின சிங்களப் பெடியள் காட்டுமிராண்டியள் என்று றேடியோ ஒவ்வொரு நாளும் சொன்னது. தமிழர் கடையளை எரிக்கிறாங்களாம் என்று கிணற்றடியிலை நானும் இல்லாததைக் கூட்டிச் சொன்னனான். ஆமிப்படை வந்து அவங்களிலை ஒருத்தரும் மிஞ்சாமல் முடிக்கவேணுமென்று அம்மனுக்குப் பொங்கல் நேர்த்தி வைச்சனான். என்னைப் பார்த்து வேறை ஏழு பெண்டுகளும் வைச்சவை.

சண்டை நேரம் உங்களைத் தன்ரை வீட்டிலை ஒளிச்சு வைச்ச குணதாசாவை ஆமி சுட்டதென்று எழுதியிருக்கிறியள். அவனும் அந்தப் பெடியளிலை ஒருத்தனாம்.

நேர்த்தி பலிச்சிட்டுது, நாளைக்குப் பொங்குவம் வாவென்று பெண்டுகள் கூப்பிடுகினம். நான் இன்னும் அரிசி அளக்கேல்லை.

உங்கடை மனிசி கும்பிட்டபடியால்தான் நீங்கள் தப்பினதென்று குணதாசாவின்ரை தாய் சொன்னாவென்றும் எழுதியிருக்கிறியள். நான் என்னத்தைக் கும்பிட்டனான் என்று அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

உங்கடை மனிசி