துண்டுக்குள் நீண்ட கை

மதினி,

உங்கள் பச்சைத் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். எவ்வளவு சோப்புப் போட்டும் ஆட்டு மொச்சை வாடை போகவில்லை. இன்று அதை எடுத்துக்கொண்டு அய்யலூர் சந்தைக்குப் போயிருந்தேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் தனியாகக் கிடா விற்றது இதுதான் முதல் தடவை. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

எரியோட்டிலிருந்து நாம் இருவரும் முதன்முதலாக ஆடு கொண்டுபோன நாள் நினைவிருக்கிறதா? பெண்கள் விற்கக்கூடாது என்று அங்கே எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் விலை பேசுவது துண்டுக்குள் கையை மறைத்து; பிடிக்கிற விரல்களின் கணக்குத்தான் விலை. நம் விரலை எவர் பிடிப்பார்? "வீட்டு ஆம்பளைய வரச் சொல்லுங்கம்மா" என்றார் வியாபாரி. நீங்கள் விடவில்லை. கையைத் துண்டால் மூடி நீட்டினீர்கள்.

"வெலைதானண்ணே கேக்குறேன், பொண்ணா கேக்குறேன்? சும்மா புடிங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் பிடிக்கவில்லை. வாய்க்கு வந்த விலையைச் சொன்னார், அதற்கே கொடுத்துவிட்டு வந்தோம்.

பஸ்ஸில் நமக்குள் சண்டை. "ஆம்பளைக்குக் கெடைக்கிற வெலை நமக்கும் கெடைக்கணும், அதுதான் சமம்" என்றேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆடு ஒண்ணுபோலவா இருக்கு? மொதல்ல கை உள்ள போகட்டும்டி. வெலை கொறைஞ்சா ஏன்னு கேளு. ஆட்டுக்காகக் கொறைஞ்சா வாங்கிட்டு வா. பொம்பளைன்னு கொறைச்சா விடாத."

நானா சும்மா இருப்பேன்? "நாம சோறாக்கி வச்சுட்டு உச்சி வெயில்ல மேய்க்கிற ஆடும், ஆம்பளைக விடிய ஓட்டிட்டுப் போற ஆடும் ஒண்ணாக் கொழுக்குமா?" நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்கள் வாயை நான் அடைத்தது அந்த ஒரு தடவைதான். அதில் எனக்கு இன்னும் பெருமை.

பிறகு ஒவ்வொரு சந்தைக்கும் துண்டோடு போனீர்கள். சிரிப்பு மெல்ல ஓய்ந்தது, உங்கள் கையைப் பிடிக்கவும் ஆள் வந்தது. நான் உங்கள் பின்னால்தான் நின்றேன். அந்த மரியாதை உங்கள் துணிச்சலுக்கு மட்டும்தானோ, என்னைத் துரத்திவிடுவார்களோ என்று இன்று வழியெல்லாம் பயம்.

கையை நீட்டினேன். வியாபாரி யோசிக்கவே இல்லை, துண்டுக்குள் விரலைப் பிடித்துவிட்டார். ஆனால் நான் நினைத்ததைவிடக் குறைந்த விலை. பக்கத்து ஆளோ தன் கிடாவுக்குக் கூடக் கிடைத்ததாகப் பீற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏன் கொறைச்சீங்க? பொம்பளைன்னா?"

"ஐயோ அக்கா, வெலாவத் தடவிப் பாருங்க. எலும்பு கையில குத்துது."

தடவிப் பார்த்தேன். குத்தியது. பக்கத்து ஆளின் கிடா கொழுகொழுவென்று நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மதினி. ஆட்டுக்காகக் குறைந்ததுதானே, அந்த விலைக்கே கொடுத்தேன், மனசு நிறைந்துதான் வீடு வந்தேன்.

என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, வாசலிலேயே கேட்டார், "என்ன, கொறைச்சு வித்துட்டியா?"

"ஆடு எளைச்சிருக்கு."

"ஏன் எளைச்சுச்சு?"

அவரே கேட்டுவிட்டார். சோறாக்கி முடித்து உச்சி வெயிலில் மேய்த்தால் ஆடு எப்படிக் கொழுக்கும் என்று, பஸ்ஸில் உங்களிடம் கேட்டதையே இவரிடமும் கேட்டேன். கொஞ்சம் முனகினார், பிறகு அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்று கேட்டார். நாளைக்கு உலை வைப்பது அவர். விடியும்போது ஆட்டை ஓட்டிக்கொண்டு நான் போகிறேன், தோளில் உங்கள் துண்டோடு.