முட்டை வாங்கப் போன கதாநாயகன்

திரியாவ்னா,
2 பிப்ரவரி 1966

அன்புள்ள நெவேனா,

நீ லாரி ஓட்டப் போயிருக்கிற வார்னாவில் குளிர் எப்படி? இங்கே வாசகசாலையில் அந்தப் பழைய நாவலை நாடகமாகப் போடுகிறோம். நீதான் கதாநாயகி. நான் கதாநாயகன், என் தலையெழுத்து! குதிரையிலிருந்து குதித்து, "உங்க பொண்ணை எனக்குக் கொடுங்க!" என்று முழங்க வேண்டும். நேற்று ஒத்திகையில் கோச்செவ் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், பொண்ணு கேக்கிறியா, தபால் தலை கேக்கிறியா?" நீ வரும்வரை உன் வேஷத்துக்கு முடிவெட்டுகிற மின்ச்சோதான் முக்காடு போட்டு நிற்கிறார். அவரைப் பார்த்தே எனக்கு நாக்கு குழறுகிறது.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். தைரியம் வரட்டும்.

உன் யாசென்

வார்னா,
7 பிப்ரவரி

அன்பு யாசென்,

நாவலைப் படித்தேன். அந்தப் பெண் நாற்பது பக்கம் ஜன்னலோரம் பூத்தையல் போட்டபடி காத்திருக்கிறாளே, இடுப்பு வலிக்காதா அவளுக்கு? நான் நேற்று கொட்டும் பனியில் லாரிக்குச் சக்கரம் மாற்றினேன்.

எங்கள் மேலாளர், "ரெண்டு வருஷம் இங்கேயே இருந்துடும்மா, மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லு" என்கிறார். உன்னை விட்டு இரண்டு வருஷம் இருக்க எனக்கு மனமில்லை. கேட்க வேண்டியதைச் சீக்கிரம் கேள்.

நெவேனா

திரியாவ்னா,
14 பிப்ரவரி

நெவேனா,

நேற்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு உங்கள் வீட்டு வாசல்வரை போய்விட்டேன். உன் அப்பா வந்து, "என்னப்பா யாசென்?" என்றார்.

"முட்டை இருக்கா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

முப்பது முட்டையோடு திரும்பினேன். "ஆம்பளையாடா நீ?" என்றார் என் அப்பா. முப்பதையும் எங்கள் பேக்கரியில் கேக் செய்து விற்றேன். கேக் நன்றாகத்தான் வந்தது. ஆனால் நான் அந்த நாவலில் வருகிறவன் இல்லை. எனக்காக அந்த வேலையை விட்டுவிடாதே.

யாசென்

வார்னா,
19 பிப்ரவரி

என் அருமை யாசென்,

முட்டைக் கதையைப் படித்து லாரிக்குள் தனியாகச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது, உன்மேல் அல்ல. கேட்கிற வேலை மீசைக்கு மட்டும் என்று யார் எழுதி வைத்தது? கேக் செய்கிறவன் கேக் செய்யட்டும். லாரி ஓட்டுகிறவள் கேட்கிறேன்: என்னைக் கட்டிக்கொள்கிறாயா?

சரியென்றால், பொண்ணு கேட்கப் போகிற ஆண்கள் தூக்கிப் போவார்களே, அந்தப் பழச்சாராயக் குடுவையோடு நானே வந்து உன் அப்பாவிடம் மாப்பிள்ளை கேட்பேன். நம் ஊரில் எந்தப் பெண்ணும் குடுவை தூக்கிப் போனதில்லை. ஊர் ஒரு வாரம் பேசட்டும்.

உன் நெவேனா

வார்னா,
23 பிப்ரவரி

என் நெவேனா,

சரி, சரி, சரி!

இதைத் தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும். பொறுக்க முடியாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். உங்கள் லாரிக் கொட்டகை வாசலில் நிற்கிறேன். காவலாளி உள்ளே விடாமல், "யாருய்யா நீ?" என்று அதட்டினார்.

"நெவேனாவைக் கட்டிக்கப் போறவன்!" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அவரிடம்தான் இந்தச் சீட்டைக் கொடுத்தனுப்புகிறேன். வெளியே வா.

யாசென்