தனியாகத் துவைக்கவும்

திருத்துறைப்பூண்டி
6.5.2024

அன்புள்ள தங்கமணி,

உன் அம்மா வந்திருந்த அன்று, நான் அடுக்களையில் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. நான் கடைக்குப் போயிருப்பதாக நீ நினைத்துக்கொண்டிருந்தாய். "அந்தப் பொண்ணு துணியையும் இந்த மிஷின்லதான் போடுறியா?" என்று கேட்டார்கள். "இல்லம்மா, அவளோடது தனி. லேபிள்லயே அப்படித்தான் போட்டிருக்கு" என்றாய். நான் பின்வாசல் வழியாகப் போய், செருப்புச் சத்தத்தோடு முன்வாசலில் திரும்பி வந்தேன். எங்கள் வீடு காலனியில் என்று காலையில்தான் அவர்களிடம் சொல்லியிருந்தேன். மாலையில் நான் போட்ட காபியைக் குடிக்கவில்லை. வயிறு சரியில்லையாம். இருக்கலாம்.

அம்மாவைச் சமாளிக்க நீ சொன்ன பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் அது பொய்யே இல்லை. பொங்கலிலிருந்து என் துணி நீல வாளியில் தனியாகத்தான் கிடக்கிறது.

லீவுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்து எல்லா லேபிளையும் படித்தேன். தொட்டிப் படத்துக்குள் முப்பது, குறுக்குக்கோடு போட்ட முக்கோணம், ஒற்றைப் புள்ளி வைத்த இஸ்திரிப்பெட்டி. தனியாகத் துவைக்கச் சொல்வது மெரூன் சுடிதார் ஒன்றுதான்.

மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய். எழுதிப் பதில் சொல்.

அன்புடன்
மலர்க்கொடி


தஞ்சாவூர்
11.5.2024

அன்பு மலரு,

லேபிளையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு நீ போலீஸ் மாதிரி உட்கார்ந்திருப்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. அந்த மெரூன் சுடிதார் என் வெள்ளைக் குர்தியை ரோஸ் ஆக்கியதே, மறந்துவிட்டாயா? பேங்கில் ஒரு வாரம் கிண்டல். அதிலிருந்துதான் பிரித்துப் போட்டேன். அம்மா ஏதோ கேட்பார்கள், நான் ஏதோ சொல்வேன். அதையெல்லாம் மனதில் வைக்காதே.

நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை. மாடி வெயிலில் போர்வை அரை மணியில் காய்கிறது. பள்ளிக்கூடம் திறக்கும் முன் வந்துவிடு.

உன்
தங்கமணி


திருத்துறைப்பூண்டி
15.5.2024

தங்கமணி,

உன் குர்தி ரோஸ் ஆனதிலிருந்து அந்தச் சுடிதாரை நான் கையால்தான் அலசுகிறேன். வாளியில் கிடந்தவை என் வெள்ளைத் துண்டும் வெள்ளை உள்பாவாடையும். வெள்ளைத் துண்டிலிருந்து என்ன சாயம் போகும்?

பொங்கலுக்குப் பட்டுக்கோட்டை போனாயே, வீட்டில் என்ன பேசினீர்கள்?

மலர்க்கொடி


தஞ்சாவூர்
20.5.2024

மலர்,

நீ என்ன ஆளுங்க என்று அம்மா கேட்டார்கள். சொன்னேன். துணியை மட்டுமாவது சேர்த்துப் போடாதே, மற்றது எதையும் கேட்கமாட்டேன் என்றார்கள். இவ்வளவுதானே என்று ஒப்புக்கொண்டேன். நீ கவனிக்கமாட்டாய் என்று நினைத்தேன்.

உன் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அது நடிப்பு இல்லை. ஆனால் அம்மா ஊரில் இருக்கும்போதும் பிரித்துத்தான் போட்டேன்.

நேரில் வா. நான்காம் சனிக்கிழமை பேங்க் கிடையாது, வீட்டில்தான் இருப்பேன்.

தங்கமணி


திருத்துறைப்பூண்டி
27.5.2024

தங்கமணி,

சனிக்கிழமை அறிவுச்செல்வன் அண்ணன் என்னைக் கொண்டுவந்து விட வந்தார். பேசிவிட்டு அங்கேயே தங்கிவிடலாம் என்று பையோடுதான் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாவியைத் தங்களிடம் கொடுத்துவிட்டு நீ விடியற்காலையிலேயே பட்டுக்கோட்டை போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உள்ளே என் புத்தகங்களும் பாத்திரங்களும் அட்டைப்பெட்டிகளில் கட்டி, என் பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் ஒரு வண்டி பிடித்து வந்தார். மதியத்துக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டோம்.

மலர்க்கொடி