தீங்குள்ள இணைப்பு, அனுப்பியவர் லிகோரி

நிலையப் பதிவு. திங்கள், காலை 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர்ச் சுத்திகரிப்பு சரி. கிழக்கு ஆண்டெனாவில் மறுபடி தூசி. சனியன், நேற்றுத்தான் துடைத்தேன். நான் டெல்பின். நிலாவின் மறுபக்கத்தில் இருக்கும் இந்த வானொலி நிலையத்துக்கு இப்போது நான் ஒருத்திதான். எனக்குப் பிறகு வருபவருக்காக எழுதி வைக்கிறேன்.

அஞ்சலில் ஓர் எச்சரிக்கை. வைரஸ் தடுப்பு நிரல் சொல்வது இது: "அனுப்பியவர்: லிகோரி. இணைப்பு தீங்குள்ளது. பூட்டப்பட்டது." லிகோரி என் வீட்டுக்காரர். குடும்பத்திலிருந்து அவருடைய ஒரே முகவரியைத்தான் இந்த நிலையம் ஏற்கும். போன வாரம் நெஞ்சுவலி, தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்யப் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். என்ன ஆயிற்றோ என்று காத்திருந்தால் இந்தப் பூட்டிய இணைப்பு வருகிறது. கடிதத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

தரைக் கட்டுப்பாட்டிலிருந்து ஹபீப்: "மேடம், அதைத் தொடாதீங்க. காத்து பம்ப் எல்லாம் அதே நெட்வொர்க்லதான் ஓடுது. பாத்ததும் அழிச்சிருங்க."

அழித்தேன்.

செவ்வாய், காலை 07:05

அப்பாடா. லிகோரியிடமிருந்து கடிதம். ஆஞ்சியோ முடிந்தது, அடைப்பு பெரிதாக இல்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன் என்கிறார். இரண்டு தடவை படித்தேன், கொஞ்சம் அழுதேன். அப்புறம் காபியைப் பொங்கவிட்டேன்.

நேற்று அழித்த இணைப்புக்கு இன்றும் எச்சரிக்கை. இதன் காரணம் எனக்குத் தெரியும். இந்த அஞ்சல் நிரல் ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே நீளக் கோப்பாக வைத்திருக்கிறது. அழி என்றால் கண்ணுக்கு மறைக்குமே தவிர உள்ளே அப்படியே கிடக்கும். கோப்புறையைச் சுருக்கினால்தான் உண்மையில் போகும். சுருக்கும்போது ஏதாவது கோளாறானால் லிகோரியின் பழைய கடிதங்களும் சேர்ந்து போய்விடும். அதனால் விட்டுவிட்டேன். எச்சரிக்கை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிறு, காலை 08:20

தினமும் கடிதம் வருகிறது. எல்லாம் அன்பு மழை. எனக்கு இது பிடிக்கவில்லை.

லிகோரி நான் சொன்னதற்குச் சரி என்று சொன்ன மனிதரே இல்லை. கிழக்கு என்றால் மேற்கு என்பார். முந்தாநாள் வேண்டுமென்றே எழுதினேன்: உங்கள் பைக்கை விற்றுவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த பைக்கைத் தொட்டுத் துடைக்கக்கூட அவர் யாரையும் விட்டதில்லை. பதில் வந்தது: "சரிம்மா. நீ சொன்னா சரிதான். வித்துடறேன்."

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மனிதர், பயந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

திங்கள், காலை 07:30

எச்சரிக்கையின் விவரப் பக்கத்தை இன்றுதான் திறந்தேன். எந்த வைரஸாக இருந்தாலும் அதைக் கண்டுபிடித்தவர் யார், எங்கெல்லாம் பரவியது என்று பக்கம் பக்கமாக இருக்கும். இதற்கு ஒரே வரி. "சேர்த்தவர்: தரைக் கட்டுப்பாடு." உலகத்திலேயே ஒரே ஒரு கோப்புக்காக எழுதப்பட்ட வரி அது.

ஊழியரின் சொந்த அஞ்சலைத் தரை நிறுத்திவைக்கக் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வைரஸ் என்றால் பூட்டலாம்.

என்னிடம் பழைய டேப்லெட் ஒன்று உண்டு, நெட்வொர்க்கில் சேராதது. கோப்புறையை அப்படியே அதில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். மாதாவே, வைரஸாகவே இருக்கட்டும்.

திங்கள், காலை 09:00

வைரஸ் இல்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கறுப்புப் பின்னணி, நடுவில் எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த லிகோரியின் முகம். என் தோள் ஓரமாகக் கொஞ்சம் தெரிகிறது. "இறைவனில் இளைப்பாறினார்." ஆஞ்சியோ நடந்த நாளின் தேதி. கீழே துயருடன் என்று போட்டு முதல் பெயர் என் பெயர். மனைவி டெல்பின்.

செய்தது என் கொழுந்தன் மிக்கேல்தான். அச்சுக்கடை வைத்திருக்கிறான். கல்யாணமோ சாவோ, அவனுக்கு வாயில் வார்த்தை வராது, டிசைன் செய்துதான் அனுப்புவான். அண்ணன் முகவரியிலிருந்து மட்டும்தான் இங்கே அஞ்சல் வரும் என்று அண்ணன் போனிலிருந்தே அனுப்பியிருக்கிறான். தெரு முழுக்க ஒட்டியிருப்பான். ஊருக்கே தெரியும். துயருடன் இருந்த எனக்குத்தான் தெரியாது.

திங்கள், காலை 11:40

ஹபீப்: "மேடம், மன்னிச்சிருங்க. மாத்து ஆள் வர நாலு மாசம் ஆகும். நீங்க உடைஞ்சுட்டா அங்க காத்தைப் பாத்துக்க ஆளில்லைன்னு டாக்டருங்க பயந்தாங்க. அவரோட பழைய லெட்டரெல்லாம் படிச்சிட்டு ஒரு புரோகிராம் எழுதுது. மிக்கேல் சாருக்கு உங்க பேர்ல பதிலும் போயிருக்கு."

நான் சொன்னது: "நிறுத்துங்க. எல்லாத்தையும். இனிமே அவர் பேர்ல ஒரு எழுத்து வரக்கூடாது."

நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளி

அழுத்தம் பார்த்தேன். சரி என்று நினைக்கிறேன். ஆண்டெனா துடைக்கவில்லை. சாப்பிட்டேனா தெரியவில்லை.

காலையில் அஞ்சலைத் திறந்தால் ஒன்றும் இல்லை. எச்சரிக்கை மட்டும் வருகிறது. அனுப்பியவர்: லிகோரி. அந்தப் பெயர் வேறெங்கும் வருவதில்லை. இன்று அதற்காகவே மூன்று தடவை திறந்தேன்.

செவ்வாய் என்று நினைக்கிறேன்

ஹபீபைக் கூப்பிட்டேன். மறுபடி அனுப்பச் சொன்னேன். "மேடம், வேணாம். அது அவரில்லைன்னு உங்களுக்குத் தெரியும்." தெரியும் என்றேன். ஆனால் இந்தத் தடவை தலையாட்ட வேண்டாம், சண்டை போடச் சொல்லுங்கள் என்றேன். எதற்கெல்லாம் கோபப்படுவார், எப்படித் திட்டுவார் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள்

வந்துவிட்டது.

"எத்தன நாளாடி பட்டினி கெடக்க? அங்க போயி செத்துத் தொலைக்கவா உன்னய அனுப்பிவிட்டேன்? எந்திரிச்சு மொதல்ல சோத்தத் தின்னு."

இவர்தான். இவரேதான். எழுந்து சோறு சூடுபண்ணிச் சாப்பிட்டேன்.

பிறகு எச்சரிக்கை வந்தது. அனுப்பியவர்: லிகோரி. இணைப்பு தீங்குள்ளது. சரியாகத்தான் சொல்கிறது. கோப்புறையைச் சுருக்கினேன். டேப்லெட்டில் இருந்ததையும் துடைத்துவிட்டேன். பழைய கடிதங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, அது ஒன்றுதான் போயிற்று.

எனக்குப் பிறகு வருபவருக்கு: அஞ்சல் கோப்புறை சுத்தம். எந்தத் தீங்கும் இல்லை. என் வீட்டுக்காரர் நலம். பதில் போடத் தாமதமானால் கோபித்துக்கொள்வார், நான் போய் எழுத வேண்டும்.