படகுத்துறையில் கேட்டால்

மேபின் ஏரி, மிசௌரி
10 ஜூன் 1984

அன்புள்ள அப்பா,

நீங்கள் அனுப்பிய அட்டை கிடைத்தது. நீங்கள் வேலை செய்யும் இழுவைப் படகின் படம் அழகாக இருக்கிறது. ஆனால் பின்பக்கம் நான்கே வரிகள், அதில் ஒன்று வானிலை. நானும் அம்மாவும் நலம். ஏரியும் நலமாக, நிறைந்து கிடக்கிறது. துறையில் நின்று குனிந்தால் நங்கூரக் கயிறு போய் முடிகிற கல்வரை தெரிகிறது.

பள்ளி மூடிவிட்டார்கள். நூலகத்திலிருந்து ஏரிகளைப் பற்றிய ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். நீங்கள் கையை மேலும் கீழும் ஆட்டிச் சொன்னதை அதில் படமாகவே போட்டிருக்கிறார்கள். கோடையில் மேல் தண்ணீர் சூடேறி நிற்கிறது. அடித் தண்ணீர் குளிர்ந்து, மூச்சுக்காற்று குறைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஓர் அடுக்கு. பாஸ் மீன்கள் அந்த நடு அடுக்குக்குச் சற்று மேலே நிற்குமாம். நாம் ரகசியமாக மீன் பிடிக்கும் நம் இடத்தில், அணை கட்டியபோது மூழ்கிய வால்நட் மரங்களின் உச்சிகள் சரியாக அந்த ஆழத்தில்தான் இருக்கின்றன. அம்மா ஜாம் காய்ச்சும் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். தயவுசெய்து இதை அம்மாவுக்கு எழுதிவிடாதீர்கள்.

இப்போது ஹார்லனைப் பற்றி. அவர் அம்மாவை மணந்துகொண்ட பிறகு வரும் முதல் கோடை இது. மருந்துக்கடையைச் சனிக்கிழமை சீக்கிரம் மூடிவிட்டு என்னை மீன் பிடிக்க அழைத்துப் போகிறார். அயோவாவில் குட்டைகளில் பழகியவர், பாவம். உச்சி வெயிலில், கண்ணாடி போன்ற தண்ணீரில், கரையைப் பார்த்துத் தூண்டிலை வீசுகிறார். தூண்டில் நரம்பு கயிறு மாதிரி தடிமன். அவருடைய இரை கல்லின் மேல் நடந்து வருவதை நானே பார்க்கிறேன், மீன் பார்க்காதா?

போன வாரம் எப்படியோ ஒன்று மாட்டியது. துறையில் இரை விற்கும் ஓடெல் கேட்டார், "என்ன மருந்துக்கடை, எங்க புடிச்சீங்க?" இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் அப்பா. எந்த ஓடை, விழுந்து கிடக்கும் எந்த மரம், என்ன நிறப் புழு என்று ஒன்றுவிடாமல். ஓடெல் வாயைத் திறந்தபடி நின்றார். மறுநாள் அங்கே கல்யாண வீட்டு வாசல்போலப் படகுகள். ஹார்லன் கோபப்படவே இல்லை. "கேட்டாங்க, சொன்னேன். அதுல என்ன தப்பு?" என்கிறார். துறையில் கேட்டால் பொய்தான் சொல்லவேண்டும், கேட்டவருக்கும் அது பொய் என்று தெரியும், ஆகவே அது பொய்யே அல்ல என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "எனக்கு வராதும்மா" என்றார்.

மற்ற நாளெல்லாம் வெறுங்கையோடுதான் திரும்புகிறோம். துறையில் சிரிக்கிறார்கள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அப்பா, நம் இடத்தை அவருக்குக் காட்டலாமா? யாருக்கும் சொல்வதில்லை என்று உங்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பதால் கேட்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் காட்டமாட்டேன்.

அன்பு மகள்,
ட்வைலா


மிசிசிப்பி ஆறு, மெம்பிஸ் அருகே
24 ஜூன் 1984

என் செல்ல ட்வைலா,

நான்கு வரி என்று குறை சொன்னாயே, இதோ முழுத் தாள். இங்கே தண்ணீர் பால் அதிகம் விட்ட காப்பி மாதிரி. கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே கை காணாமல் போகிறது. நேற்று எங்கள் சமையல்காரன் லெமுவல் ஒரு கெளுத்தி பிடித்தான். நாய்க்குட்டி அளவு. "கார்லண்ட், இதோட மூஞ்சியப் பாத்தா என் மச்சான் ஞாபகம் வருது, சாப்பிட மனசு வரல" என்றான். பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டான்.

வெப்பமானியை இறக்கினாய் என்று படித்துப் பெருமையாக இருந்தது. நரம்பு மெல்லியதாக இருக்கிறதா? பழையதைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டுக்கொள். மீன் தட்டினால் உடனே இழுக்காதே, ஒரு மூச்சு பொறு. அது உனக்குத் தெரியும்.

ஜூலையில் எனக்கு விடுப்பு வருகிறது. வந்து உன்னோடு இரண்டு நாள் ஏரியில் இருப்பேன். மற்றதையெல்லாம் அப்போது பேசுவோம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


மேபின் ஏரி
8 ஜூலை 1984

அன்புள்ள அப்பா,

முழுத் தாளுக்கு நன்றி. ஆனால் நான் கேட்ட ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று நடந்தது. நேற்று நாங்கள் நம் இடத்தின் மேலேயே படகில் கடந்து போனோம். நான் ஒன்றும் செய்யவில்லை. முதலில் இடக்கரை, பிறகு வலக்கரை, நம் இடத்தைக் கண்டுகொள்ளும் இரண்டு அடையாளங்களும் நேராக வருகின்றனவா என்று பார்த்தேன், அவ்வளவுதான். (என்னென்ன என்று இங்கே எழுதமாட்டேன். நம் ஊர்த் தபால் பலபேர் கை மாறி வருகிறது.) அது பழக்கம் அப்பா, கழுத்து தானாகவே திரும்பிவிடுகிறது. ஹார்லன் பார்த்துவிட்டார். ஆழம் காட்டும் பெட்டி அவர் முழங்காலருகே ஓடிக்கொண்டிருந்தது. மரங்கள் வந்தால் அதில் பளிச்பளிச்சென்று தெரிந்துவிடும். அவர் கையை நீட்டிப் பெட்டியை அணைத்தார். பிறகு குனிந்து செருப்பு வாரைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். வளைவு தாண்டும்வரை தலை நிமிரவில்லை.

"எதுக்கு அணைச்சீங்க?" என்று கேட்டேன்.

"பேட்டரிய மிச்சம் பண்ணலாம்னுதான்" என்றார். அவருக்குப் பொய் வராது என்று எழுதியிருந்தேனே. அதைச் சொல்லும்போது காது சிவந்து போனது.

அவர் கேட்டிருந்தால் சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபம். கேட்காமல் இருக்கிறார், அதுதான் கஷ்டமாக இருக்கிறது. மறுபடியும் கேட்கிறேன் அப்பா. காட்டலாமா?

எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்றும் எழுதுங்கள். உங்கள் தூண்டில் கோலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ட்வைலா


மிசிசிப்பி ஆறு
20 ஜூலை 1984

கண்ணு ட்வைலா,

ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. சரக்குத் தோணிகள் மணலில் தட்டுகின்றன, விடுப்பு தர மறுக்கிறார்கள். அதனால் ஜூலையில் வரமுடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை காலை நேராகத் துறைக்கே வந்துவிடுகிறேன். ஓடெலிடம் படகு கேட்டு வை.

நீ கேட்டதற்குப் பதில். வேண்டாம். அவர் நல்ல மனிதர் என்று நீ எழுதுவதிலிருந்தே தெரிகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் துறையில் நின்று உண்மை பேசுகிற மனிதரிடம் ஓர் இடத்தை எப்படிக் கொடுப்பது? ஓடெல் ஒரு கேள்வி கேட்டால் போதும், மறுநாள் அந்த மரங்களின்மேல் பாதி மாவட்டம் நிற்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை கோடை ஆனது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது படகின் அடியில் மிதவைச் சட்டைகளின் மேல் படுத்துத் தூங்குவாய்.

வீடு அவருக்கு என்று ஆகிவிட்டது. அதைச் சரி என்று ஒத்துக்கொண்டேன். இது ஒன்று நம் இரண்டுபேருக்கும் இருக்கட்டுமே.

அப்பா


மேபின் ஏரி
12 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அப்பா,

நேற்று இரண்டாம் சனிக்கிழமை.

பனிமூட்டம் விலகுவதற்கு முன்பே துறைக்கு வந்துவிட்டேன். ஹார்லன் என்னை இறக்கிவிட்டுக் கடை திறக்கப் போயிருக்கலாம். போகவில்லை. நீங்கள் வந்தால் சங்கடமாக இருக்குமென்று, வண்டி நிறுத்தும் இடத்தின் கடைசியில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் வண்டிக்குள் யாராவது இருப்பார்களா? ஒவ்வொரு முறை சாலையில் புழுதி எழும்போதும் நாங்கள் இரண்டுபேரும் நிமிர்ந்து பார்த்தோம். ஓடெல் என்னிடம் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. ஒரு சோடாவைத் திறந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் அப்படி இருந்ததுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

மதியத்துக்கு மேல் ஹார்லன் இறங்கி வந்தார். "ஆத்துல என்ன கஷ்டமோ. உங்க அப்பா வரணும்னு நினைக்காம இருந்திருக்க மாட்டாரு" என்றார். பிறகு, "வீட்டுக்குப் போலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் இருக்கணுமா? எனக்கு ரெண்டும் சரிதான்" என்றார்.

"படகு எடுங்க" என்றேன்.

நான் சுக்கானைப் பிடித்தேன். வளைவு வந்ததும் அவர் கை பெட்டியை அணைக்கப் போனது. "அணைக்காதீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார். யோசித்துத்தான் சொன்னேன் அப்பா. கோபத்தில் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. கோபம் இருந்தது, ஆனால் அதற்காக இல்லை. இரண்டு அடையாளங்களையும் அவருக்குக் காட்டினேன். முதல் மரம் பெட்டியில் மின்னியதும், தேவாலயத்துக்குள் நுழைவதுபோல அவர் தொப்பியைக் கழற்றினார்.

உங்கள் மெல்லிய நரம்பை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். நேராகக் கீழே இறக்கி, உச்சிக்கிளைகளுக்குச் சற்று மேலே நிறுத்தச் சொன்னேன். தட்டியதும் இழுத்துவிட்டார், போய்விட்டது. அடுத்ததையும் அப்படியே விட்டார். "ஒரு மூச்சு பொறுங்க" என்றேன். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு பொறுத்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால், கீழே இருட்டிலிருந்து பச்சையாக ஒரு விளக்கு ஏறி வருவதுபோல அது வந்தது. நான் பிடித்த இரண்டு சிறியவற்றையும் தலைகீழாகப் பிடித்து வேகமாக உள்ளே விட்டேன், ஆழத்திலிருந்து ஏறியதில் வயிறு உப்பி மிதக்கக்கூடாது என்று. பெரியவை இரண்டை அம்மாவுக்காக வைத்துக்கொண்டோம்.

துறைக்கு வரும்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஓடெலும் மற்ற நான்கைந்துபேரும் உட்கார்ந்திருந்தார்கள். மீனைப் பார்த்ததும் ஓடெல் எழுந்தே விட்டார்.

"அட, மருந்துக்கடை. இது குட்டையில கெடைக்கிற மீன் இல்லையே. எங்க புடிச்சீங்க?"

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கி வந்தார்கள். இவர்தான் சொல்லிவிடுவாரே. நான் என் செருப்பைப் பார்த்தேன். ஹார்லன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இரைத் தொட்டியில் ஓடும் மீன்குஞ்சுகளைப் பார்த்தபடி சொன்னார்.

"அணைக்கட்டுக்கிட்ட. கரையோரமா. ஆழமில்லாத தண்ணியில."

காது மட்டுமல்ல, கழுத்தும் சிவந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஓடெல் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அணைக்கட்டுக்கிட்டயா? சரி சரி, நாளைக்குப் போய்ப் பாக்கறேன்" என்று மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார். அந்தத் துறையில் யாரும் ஹார்லனுக்குத் தொப்பியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

வண்டியில் திரும்பும்போது, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சர்ச்சுல காணிக்கைத் தட்ட நான்தான் எடுத்துட்டுப் போகணும்" என்றார், ரொம்ப வருத்தமாக.

அப்பா, நீங்கள் வேண்டாம் என்று எழுதியதற்குப் பிறகும் சத்தியத்தை மீறிவிட்டேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நமக்கென்று ஒன்று குறைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
ட்வைலா


மிசிசிப்பி ஆறு, மெம்பிஸ்
23 ஆகஸ்ட் 1984

என் ட்வைலாவுக்கு,

உன் கடிதத்தைப் பல முறை படித்துவிட்டேன். லெமுவலுக்கும் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினேன். தொப்பி கழற்றிய இடத்தில் அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோபம் இல்லை. முதல் நாள் இருந்தது, இப்போது இல்லை. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரம் எனக்கு விடுப்பு கிடைத்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஆர்கன்சாவில் பாதி தூரம் வந்தேன். பெட்ரோல் போட நிறுத்தினேன். உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டிய வீட்டின் வாசல் மனக்கண்ணில் வந்தது. அதற்குமேல் வண்டி போகவில்லை. பழுது வண்டியில் இல்லை. நீ வெயிலில் காத்திருந்தாய் என்று படிக்கும்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவர் உன்னோடு இருந்தார். அது நல்லது.

இப்போது அவருடைய பொய்யைப் பற்றி. அணைக்கட்டருகே ஆழமில்லாத தண்ணீர் எங்கே இருக்கிறது, கண்ணு? ஏரியிலேயே மிக ஆழமான இடம் அதுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஓடெல் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் புரண்டு சிரித்திருப்பான். ஆனாலும் தொப்பியைத் தொட்டான் என்றால், அவன் என்ன பார்த்தான் என்று எனக்குப் புரிகிறது.

இப்படியே விட்டால் அவர் மாட்டிக்கொள்வார். அடுத்த முறை கேட்டால், செங்கல் சூளை முனையில், கல்மேட்டின் கிழக்குப் பக்கம், பொழுது சாயும்போது என்று சொல்லச் சொல். அங்கே உண்மையாகவே மீன் உண்டு, சின்ன மீன். போகிறவன் வெறுங்கையோடு திரும்பமாட்டான், சந்தேகமும் வராது. சொல்லும்போது இரைத் தொட்டியைப் பார்க்கவேண்டாம், கேட்கிறவன் முகத்தைப் பார்க்கட்டும். இத்தனை வருடமும் நான் ஓடெலுக்குச் சொல்லி வந்தது அதுதான். அவன் இன்னும் நம்புகிறான்.

அந்தப் பொய்யை ஹார்லனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல். இங்கே எனக்கு அது தேவைப்படாது. இந்த ஆற்றில் எங்கே பிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

உன் அப்பா,
கார்லண்ட்