தலைக்குக் குளித்த மறுநாள்

அக்கா,

உன்னை மலடி என்று சொன்னது அநியாயம். கருக்களாச்சேரி கரையில் புதுப் படகை இறக்கிய காலையில், உன் கையிலிருந்த ஆரத்தித் தட்டை உன் மாமியார் பிடுங்கி வேறொருத்தியிடம் கொடுத்தது அநியாயம். ஊரே நின்று பார்த்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு உனக்கு மகள் பிறந்தபோதும் "தப்பாச் சொல்லிட்டோம்" என்று யாரும் உன் வாசலுக்கு வரவில்லை. போன ஐப்பசியில் நீ கண்ணை மூடியபோது மாலையோடு வந்தவர்களும் சொல்லவில்லை. நீ மன்னித்துவிட்டாய். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இதை இன்று கிளப்பிவிட்டது உன் பாய். உன் மகள் வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தாள்.

"சித்தி, அம்மா ஒதுங்கி உக்கார்ற பாய்தானே இது? குப்பையில போட்டுடவா?"

"போடுவே, போடுவே. கொண்டா இங்க."

பக்கத்து வீட்டுக்காரிதான் நான், ஆனாலும் அவளுக்குச் சித்திதான். பாயை வாங்கி விரித்தேன். கோரை வாசனை போய்விட்டது. தூசியும், சுருட்டுக்குள் நீ செருகி வைத்து உதிர்ந்துபோன வேப்பிலையும்தான் மணத்தன. ஓரத்தில் நீ நீலத் துணி வைத்துத் தைத்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பாய் உன் வீட்டுக் கொல்லைச் சுவரில், ஓர் ஆணியில் தொங்கும். அது ஆணியிலிருந்து இறங்கினால் உனக்குத் தூரம் என்று தெருவுக்கே தெரியும். பாய் இறங்கிய அன்றே உன் மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு டெலிபோன் பூத்துக்கு நடந்துவிடுவார். உன் வீட்டுக்காரர் அப்போது தெற்கே ஒரு துறைமுகத்தில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தார். மாதம் ஒரு தடவை, ஒரு சில நாள் வீட்டுக்கு வருவார். எப்போது வருவது என்பதை அவர் முடிவு செய்ததில்லை. அவருடைய படகு முதலாளியிடம் உன் மாமியார் சொல்வார்: "மருமவ தலைக்குக் குளிக்கிற அன்னைக்கு எம்மவன் வீட்டுல இருக்கணும். அனுப்பி வைங்க."

தலைக்குக் குளித்த மறுநாள்தான் கர்ப்பப்பையின் வாய் திறந்திருக்கும், அப்போதுதான் பிள்ளை தங்கும் என்பது அவர் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கை மட்டுமா? கரையில் எல்லாருடைய நம்பிக்கையும் அதுதான். என்னுடையதும். உன் வீட்டுக்காரர் சொன்ன நாளில் வருவார். நீ மஞ்சள் பூசி, ஈரத் தலையோடு நிற்பாய். சில நாளில் அவர் பஸ் ஏறிவிடுவார். அடுத்த மாதம் பாய் மறுபடியும் ஆணியிலிருந்து இறங்கும். வருஷக்கணக்கில் இதே.

ஒன்று சொல்ல வேண்டும். உன் மாமியார் பேரப்பிள்ளைக்கு ஏங்கியவர்தான். ஏங்கியதில் தப்பில்லை. பிள்ளை வராதபோது, தன் கணக்கு தப்பாக இருக்குமோ என்று அவர் ஒரு நாளும் யோசிக்கவில்லை பார், அதுதான் தப்பு. உன் உடம்புதான் கெட்டது என்று முடிவு செய்தார். தட்டைப் பிடுங்கினார். திருவேட்டக்குடியில் மகனுக்கு இரண்டாவதாகப் பெண் பார்த்திருப்பதாகப் பேச்சு வந்தது.

அன்று மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். நீ கேட்டாய்: "ஏன்டி, என் உடம்புல அப்படி என்னதான் கெட்டுப்போச்சு?"

எனக்கும் அதே உடம்புதான், மாதாமாதம் எனக்கும் அதேதான், இரண்டு பிள்ளையும் பெற்றவள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. ஆயிரம் மீனை அறுத்துச் சினை எடுத்தவளுக்குத் தன் வயிற்றுக்குள் இருப்பது தெரியவில்லை. அந்த வெட்கம்தான் என்னைத் துரத்தியது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் கிடைத்த தாளில் நானாகப் படித்தது. காரைக்கால் பழைய புத்தகக் கடையில் உயிரியல் பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. இனப்பெருக்கப் பாடம் இருந்த பக்கங்களை மட்டும் யாரோ ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தார்கள். நீராவியில் காட்டிப் பிரித்தேன். பாதி புரிந்தது. மீதியைக் கேட்க, மீன் கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நர்ஸம்மாவைப் பிடித்தேன். முதலில் சிரித்தார். "ரெண்டு புள்ள பெத்தாச்சுங்கறீங்க, இனிமே இது எதுக்கும்மா?" என்றார். நகராமல் நின்றேன். கதவைச் சாத்திவிட்டுப் படம் வரைந்து பொறுமையாகச் சொன்னார். இன்றைக்கும் அவரை வாழ்த்துகிறேன்.

மறுநாள் கருவாடு காய்கிற மணலில் உன்னை உட்கார வைத்துச் சொன்னேன். மூளையிலிருந்து உத்தரவு போகிறது. சினைப்பையில் ஒரு முட்டை முதிர ஆரம்பிக்கிறது. அது முதிர முதிர, சினைப்பையிலிருந்து வரும் ஒரு சுரப்பு கருப்பையின் உள்பக்கம் மெத்தை கட்டுகிறது. முட்டை முதிர்ந்ததும் வெளியே வருகிறது. வந்த பிறகு ஒரு நாள் பொழுதுதான் அதற்கு உயிர். ஆணின் வித்து அதைவிடக் கெட்டி, சில நாள் உள்ளே காத்திருக்கும். முட்டை விட்டுவந்த இடத்திலிருந்து இன்னொரு சுரப்பு கிளம்பி அந்த மெத்தையைத் தாங்கிப் பிடிக்கிறது. கரு வந்து ஒட்டாவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு வற்றிவிடுகிறது. தாங்க ஆளில்லாமல் மெத்தை கழன்று, இரத்தத்தோடு வெளியே வருகிறது.

"அவ்வளவுதான் அக்கா தீட்டு. அழுக்கும் இல்ல, கெட்ட ரத்தமும் இல்ல. வர்ற புள்ளைக்கு விரிச்ச மெத்தை."

நீ காக்கையை விரட்டினாய். பிறகு கேட்டாய்: "அப்ப மாசா மாசம் பந்தி போட்டு, ஆளு வரலைன்னா இலைய எடுத்துடுது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"தலைக்குக் குளிக்கறப்ப?"

"பழைய இலைய இப்பத்தான் எடுத்திருக்கு. முட்டை வர இன்னும் ஒரு வாரமோ அதுக்கு மேலயோ ஆகும். ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த தூரத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி வரும், அதைத்தான் கொஞ்சம் நம்பலாம்."

"அடிப்பாவி! அடுத்த பந்திக்கு அடுப்பே பத்த வைக்கல. அந்த நேரம் பாத்து என் வீட்டுக்காரர வரவச்சு, சோறு பொங்குறதுக்குள்ள பஸ் ஏத்தி அனுப்புறாங்களா?"

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கருவாட்டுக்காரி எழுந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய். தோளில் கை வைத்தேன். "தட்டைப் புடுங்கினாங்கடி" என்றாய், உள்ளிருந்தே.

உன் வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன் என்றேன். "என் புருசன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ பூத்து வாசல்ல நில்லு" என்றாய். பூத்துக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவை நீ சாத்தவே இல்லை.

"இந்த வாட்டி ஒரு வாரம் பிந்தி வாங்க... அம்மா சொல்லல, நான் சொல்றேன்... வந்தா பத்து நாளு இருக்கணும்... காரணமா? வந்து கேளுங்க. போனுல கேட்டா பூத்துக்காரரும் சேர்ந்து கேப்பாரு."

பூத்துக்காரர் அவசரமாகக் காலண்டரைப் பார்த்தார்.

அவர் பிந்தி வந்தார். உன் மாமியார் வீட்டில் அடுப்பை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். கெட்ட பேச்சுப் பேசிக் குடும்பத்தைக் கலைக்கிறேன் என்று என்மேல் பஞ்சாயத்தில் புகார் போனது. நாலு பெரியவர்கள் கூடி, கொஞ்ச காலம் ஏலம் நடக்கும் இடத்துக்கு வரக்கூடாது என்று எனக்குத் தடை போட்டார்கள். நான் சாலையோரம் உட்கார்ந்து விற்றேன். அதையும் நான் மறக்கவில்லை.

முதல் மாதம் பாய் ஆணியிலிருந்து இறங்கியது. நீ என்னைப் பார்த்த பார்வை! "சரியா வந்தாலும் ஒவ்வொரு மாசமும் தங்கிடாது அக்கா, நர்ஸம்மா சொன்னாங்க" என்றேன். அடுத்த மாதமும் இறங்கியது. உன் வீட்டுக்காரர்தான் அப்போது உறுதியாக நின்றார். "இதுக்கு மேலயும் ஆகலைன்னா ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவோம். எனக்கும் பாக்கட்டும்" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

பிறகு ஒரு மாதம் பாய் ஆணியிலேயே இருந்தது. அதற்கு அடுத்த மாதமும். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரு பேச ஆரம்பித்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதில்தான் கிடைத்தது என்றார் உன் மாமியார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றாய் நீ.

அடுத்த படகு இறக்கியபோது, இடுப்பில் குழந்தையோடு நின்ற உன்னிடம் தட்டைக் கொடுத்தார்கள். நீ வாங்கிச் சுற்றினாய். பிடுங்கியவர்களிடமே வாங்கினாயே என்று ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை. நீயே என் வீட்டுக்கு வந்து, உலையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாய்: "புள்ள இருக்கிறதால கெடச்ச தட்டுடி இது. புள்ள இல்லாத ஒருத்தி கையில அது போவணும். அன்னைக்குத்தான் நான் ஜெயிச்சேன்னு சொல்லுவேன்."

அக்கா, எனக்கு அதன்பிறகுதான் புரிந்தது. நான் நாளைத் திருத்தினேன். நீ சொல்லைத் திருத்தப் பார்த்தாய். எல்லாருக்கும் நாள்தான் காரணம் என்றில்லை. குழாய் அடைத்திருக்கலாம், ஆணிடம் குறை இருக்கலாம், காரணம் தெரியாமலும் போகலாம். உனக்கு மகள் பிறக்காமலே போயிருந்தாலும் மலடி என்ற அந்தச் சொல் பொய்தான்.

இப்போது கேள். உன் மகள் நெரவிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறாள். அந்தப் பாடத்தை "வீட்டுல படிச்சுக்குங்க" என்று தாண்டிப் போவதில்லை. ஆண் பிள்ளைகளையும் உட்கார வைத்தே நடத்துகிறாள். நம் தெருவில் ஒரு மருமகள் வந்து மூன்று வருஷமாகிறது, இன்னும் பிள்ளை இல்லை. அவள் மாமியார் வீட்டில் தை மாதம் புதுப் படகு இறக்குகிறார்கள். அந்த மாமியார், அன்று உன் தட்டு பிடுங்கப்பட்டபோது பாவாடை கட்டிக்கொண்டு கரையில் நின்ற பெண். நேற்று அவளை வழிமறித்தேன்.

"தட்டை யார் எடுக்கப்போறா?"

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "எம்மருமவதான் எடுக்கணும்னு எனக்கும் ஆசைதாங்க. அன்னைக்கு அந்த அக்கா நின்ன நெலம இன்னும் கண்ணுல நிக்குது. எங்க வீட்டுப் பெரியவர்தான் என்ன சொல்வாரோ."

"அவர் எதாவது சொன்னா என்கிட்ட அனுப்பு."

"உங்ககிட்டயா? அதுக்கு அவரு தட்டையே குடுத்துடுவாரு" என்று சிரித்தாள்.

ஆகையால் இனி ஆக வேண்டியது இது. அந்த வீட்டுப் பெரியவர், வாயைத் திறக்குமுன் இந்த மடலைப் படிக்க வேண்டும். உன் மகள் கொண்டுபோய்க் கொடுப்பாள். எனக்குத் தடை போட்ட நாலு பேரில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். அவர் உன் வாசலுக்கு வந்து, உன் மகளிடம், தப்பு என்று சொல்ல வேண்டும். மகனை எப்போது வரவழைப்பது என்று மாமியார்கள் முடிவு செய்வதை நிறுத்த வேண்டும். அது அந்த இரண்டு பேர் விஷயம். பிள்ளை தங்காவிட்டால் டாக்டரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்து போக வேண்டும், மனைவியை மட்டும் தள்ளிவிடக் கூடாது. வாத்தியார்கள் அந்தப் பக்கங்களை ஒட்டாமல் நடத்த வேண்டும். இந்தப் பாயை நான் வைத்துக்கொள்கிறேன். தை மாதம் கரைக்குக் கொண்டுபோய், எல்லாரும் பார்க்கிற இடத்தில் விரித்து அதன்மேல் உட்காருவேன். தட்டை அந்த மருமகள் கையில் கொடுக்க வேண்டியது அவள் மாமியார். வாங்கிப் படகுக்குச் சுற்ற வேண்டியது மருமகள்.