புதன் காலைத் தண்ணீர் முறையைச் சனிக்கு மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்
கோ. வெங்கடேசன்,
மோட்டார் பம்பு உதிரிபாக வியாபாரம்,
காஞ்சிபுரம்.

பெறுநர்
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
பொதுப்பணித் துறை (பாசனப் பிரிவு),
காஞ்சிபுரம்.

பொருள்: தாமல் ஏரிப் பாசனம் – கடைமடை விவசாயி திரு. அப்பாதுரையின் புதன் காலை முறையை இரண்டு வாரங்களுக்கு மட்டும் சனி பிற்பகலுக்கு மாற்ற உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அப்பாதுரை என் தங்கை கணவர். தங்கை ஜெயம்மாள் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் அனு, காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற மாதம் அப்பாதுரை டிராக்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுடன் படுத்திருக்கிறார். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவது, சமையல், தகப்பனாரைப் பார்ப்பது, கல்லூரி, பாடம் எல்லாம் அவள் ஒருத்திதான்.

2. ஏரியில் தண்ணீர் குறைந்ததால் தாங்கள் போட்ட முறைப் பட்டியலில் அவர்கள் வயலுக்குப் புதன் காலை ஆறு முதல் ஒன்பது வரை. பட்டியலில் குறை சொல்ல வரவில்லை. கடிகாரத்தில் ஆறு அடிக்கிறது, வயலில் அடிப்பதில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

3. மார்ச் 29 புதனன்று மாதிரித் தேர்வு. அனு தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். உள்ளே விடவில்லை. அன்று மாலை கடைக்கு வந்தவளிடம், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "நேரம் பத்தலைன்னு சொல்லாதம்மா. பிரிச்சு வெச்சா எல்லாத்துக்கும் பத்தும். நான் சைக்கிள்ல வாஷர் வித்த காலத்துலயே பிரிச்சு வெச்சவன்" என்று உபதேசம் செய்தேன். அவளோ பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். காலை நாலரை முதல் இரவு பத்து வரை அரைமணி அரைமணியாகக் கட்டம் போட்டிருந்தாள். என் கடையில் சாமான் அடுக்கியிருப்பதைவிட ஒழுங்கு. எல்லாம் பேனாவில், தண்ணீர் மட்டும் பென்சிலில். "மாமா, வர்ற புதன் நீங்க வந்து நின்னு பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றாள்.

4. நின்றேன். ஏப்ரல் 5 அன்று ஐந்தே முக்காலுக்கே வரப்பில் இருந்தேன். மேல் வயல்காரர் மடையை அடைத்தபோது ஆறு இருபத்தைந்து. அங்கிருந்து கால்வாயில் தண்ணீர் நகர்ந்து எங்கள் வயலைத் தொட்டபோது ஆறு ஐம்பது. வயல் நிறைய ஒன்பது ஐம்பது. நடுவில் நகர முடியாது. ஆள் இல்லாவிட்டால் யாராவது கரையை வெட்டித் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கடையை விட்டு அரை நாள் போனது. உபதேசமும் அதோடு போனது.

5. இனி நானே நின்றுகொள்கிறேன், அவள் தேர்வுக்குப் போகட்டும் என்று அங்கேயே சொன்னேன். மடை திறக்கும் வீராசாமி ஒப்பவில்லை. "நீ அந்தப் பொண்ணுக்கு மாமனாச்சே, பங்காளி இல்லியேபா. வயலுக்கு உரிமைப்பட்டவங்கதான் நிக்கணும். நாளைக்கு ஒருத்தன் சண்டைக்கு வந்தா என்னைத்தானே கேப்பாங்க?" என்றார். அதனால் அன்று அவளும் நின்றாள். இரண்டு பேர் நிற்கிறோம் என்று தண்ணீர் வேகமாக வந்துவிடவில்லை. வீராசாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. சென்ற ஆண்டு வாய்வார்த்தையில் முறை மாற்றியதில் அடிதடி ஆனது. "ஆபீசரு எழுத்து இருந்தா மாத்தி விடுறேன்" என்கிறார். நியாயம்தான்.

6. அனுவுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு ஏப்ரல் 12, 19 ஆகிய இரண்டு புதன்கிழமைகளிலும் காலை பத்து மணிக்கு. அவள் எட்டரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தண்ணீரை விட்டுவிடவும் வழியில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரம், ஒரு முறை தவறினாலும் பாதி பதராகிவிடும். தேர்வை விட்டுவிடுகிறேன் என்று நேற்று முன்தினம் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். மனு எழுத வைத்தது அந்தப் பேச்சுதான்.

7. பக்கத்து வயல் மணியம்மாளுக்குச் சனி பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை முறை. அளவும் அதே மூன்று மணி நேரம். "எந்தக் கெழமையா இருந்தா இன்னாப்பா, தண்ணி வந்தா சரி. பொண்ணு படிக்கட்டும்" என்று மனதாரச் சம்மதித்துக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.

8. மாற்றம் நாளை சனிக்கிழமையே தொடங்கினால்தான் பயன். நாளை பிற்பகல் அனு பாய்ச்சினால், புதனன்று மணியம்மாள் பாய்ச்சிக்கொள்வார்கள். நாளை தவறினால் புதனும் தவறியது. நேற்று வந்தேன், தாங்கள் முகாமில் இருப்பதாகச் சொன்னார்கள். இன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து, தங்கள் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 8, 15 சனி முறைகள் அப்பாதுரைக்கும், 12, 19 புதன் முறைகள் மணியம்மாளுக்கும் என்று வீராசாமி பெயருக்கு இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தருமாறு மிகவும் பணிவோடு வேண்டுகிறேன். கூடுதலாக ஒரு நிமிடத் தண்ணீரும் நாங்கள் கேட்கவில்லை. தாமலுக்குக் கடைசி பஸ் இரவு எட்டே காலுக்கு. அதுவரை வராந்தாவில்தான் இருப்பேன். தாள் கைக்கு வந்ததும் நானே கொண்டுபோய் வீராசாமியிடம் கொடுத்துவிட்டு, அனுவிடம் அந்தப் பென்சில் கட்டத்தை அழிக்கச் சொல்லுவேன்.

இணைப்பு: தேர்வு நுழைவுச் சீட்டு நகல், மணியம்மாள் சம்மதக் கடிதம், அனுவின் நேர அட்டவணை நகல்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 7.4.2000, வெள்ளி, பிற்பகல் 3.10

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கோ. வெங்கடேசன்